முகப்பிலிருந்து அடுப்படி வரை: ஒரே கேள்விக்கு நான்கு இடத்துப் பதில்கள்

தேவகோட்டைப் பக்கம் எங்கள் வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஃபைபர் இணைப்பு முகப்பில் வந்து நிற்கிறது, ரூட்டரும் அங்கேதான். நடு முற்றமான வளவைத் தாண்டி, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுக்குப் போனால் போனில் ஒரு கோடு தெரியும், அடுப்படியில் அதுவும் போய்விடும். சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியை வீடியோவில் பார்க்க அப்பத்தா தினமும் சாயங்காலம் இரண்டு நிலைப்படி ஏறி இறங்கி முகப்புக்கு வருவார்கள். 86 வயது. ஒருநாள் கால் தடுக்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று ராத்திரியே கேள்வியை எழுதினேன்: ‘வைஃபை பின்கட்டுக்கு வர என்ன செய்யலாம்?’

அதை நான்கு இடங்களில் கேட்டேன். ஊர்க்காரர்கள் நிறைந்த ஃபேஸ்புக் குழு, வீட்டு நெட்வொர்க் பற்றி மட்டும் பேசும் ரெடிட் குழு, செயற்கை நுண்ணறிவு சாட், எங்கள் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழு. இதே சந்தேகத்தோடு இங்கே பல வீடுகள் இருப்பதால் எது எதற்கு உதவியது என்று எழுதி வைக்கிறேன்.

மனிதர்கள் பதில் சொல்லும் இடங்களில், வேகத்தில் ஃபேஸ்புக் குழுவை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில். பெரும்பாலானவை ‘எங்க வீட்ல இந்த ரிப்பீட்டர் போட்டோம், சூப்பரா இருக்கு’ என்ற வகை. நல்ல மனதோடு சொன்னவைதான். ஆனால் அவர்கள் வீடு காரைக்குடியில் புதிதாகக் கட்டிய இரண்டு படுக்கையறை வீடு, எங்கள் சுவரோ இரண்டு அடிக்கு மேல் தடிமன். நம்பி ஒரு ரிப்பீட்டர் வாங்கினேன். இரண்டாங்கட்டில் கோடுகள் முழுசாக வந்தன, வீடியோ மட்டும் ஓடவில்லை. ரூட்டரிடம் வாங்குவதையும் போனுக்குக் கொடுப்பதையும் ஒரே ரேடியோவில் செய்யும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதற்கு வந்து சேரும் சிக்னலே மோசமாக இருந்தால் பாதியாக்கவும் அங்கே ஒன்றுமில்லை. இதை அந்த நாற்பது பேரில் ஒருவரும் சொல்லவில்லை.

ரெடிட்டில் முதலில் வந்த பதில்கள் எனக்கு எரிச்சலையே தந்தன. ‘சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் கேபிள் டிவி ஒயரைப் பயன்படுத்து’ என்றார் ஒருவர். அமெரிக்க வீடுகளில் அப்படி ஒயர் கிடக்கும். எங்கள் சுண்ணாம்புச் சுவருக்குள் எதுவும் கிடையாது. ‘மின் ஒயர் வழியாகவே இணையம் அனுப்பும் பெட்டி வாங்கு’ என்றார் இன்னொருவர். எங்களுடையது த்ரீ ஃபேஸ் இணைப்பு. முகப்பு ஒரு ஃபேஸிலும் பின்கட்டு வேறு ஃபேஸிலும் இருந்தால் அந்தப் பெட்டிகள் ஒழுங்காகப் பேசிக்கொள்வதில்லை.

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். பதில் சொல்லாமல் கேள்வி கேட்டார். சுவர் எதனால் ஆனது? எவ்வளவு தடிமன்? ஒவ்வோர் இடத்திலும் சிக்னல் அளவு என்ன? போனில் இலவச ஆப் ஒன்றைப் போட்டு வீடு முழுக்க நடந்து குறித்தேன். அளவு dBm என்ற கணக்கில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்ல சிக்னல். முகப்பில் மைனஸ் 45, வளவில் மைனஸ் 62, இரண்டாங்கட்டில் மைனஸ் 79, அடுப்படியில் மைனஸ் 88. இந்தக் கணக்கில் பத்து புள்ளி இறங்கினால் சிக்னலின் சக்தி பத்தில் ஒன்றாகிறது. வீடியோ தடங்கலில்லாமல் ஓட மைனஸ் 67க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. வளவு வரை வண்டி ஓடுவதற்குக் காரணம் இடையில் வாசல் திறந்திருப்பது. அதன் பிறகு ஒவ்வொரு சுவரும் தின்றுவிடுகிறது. ரூட்டர் அனுப்பும் இரண்டு வகை அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் இப்படிச் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், எங்கள் அடுப்படிக்கு அதுவும் போதவில்லை.

ரூட்டர் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பின்னால் ஐயா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி, ஆள் உயரம். கண்ணாடியின் பின்பக்கப் பூச்சு உலோகம், அது அலையைத் திருப்பி அடிக்கும் என்றார். ரூட்டரை நான்கு அடி நகர்த்தி, வளவு வாசலைப் பார்த்தபடி வைத்தேன். வளவில் மைனஸ் 62 என்பது மைனஸ் 55 ஆனது. காசு செலவில்லை. முடிவாக அவர் சொன்னது: பின்கட்டு வரை கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்து, அங்கே தனியாக வைஃபை கொடுக்கும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட் ஒன்று வை. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உன் வீடு அதற்குள்தான்.

சாட்டில் கேட்டபோது நல்ல தமிழில், வரிசை போட்டு, ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் மெஷ் வாங்கு என்றது. அளவுகளையும் சுவர்த் தடிமனையும் கொடுத்து மறுபடி கேட்டதும் அதுவும் கேபிளுக்கே வந்தது. நான் என்ன கொடுத்தேனோ அந்த அளவுக்குத்தான் பதில். 2022 டிசம்பரில், புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை போட்டபோது சொன்ன காரணமும் இதை ஒட்டியதுதான்: பார்க்கச் சரியாகத் தெரிகிறது, பல நேரம் தவறாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வேலைக்கு அதை மனதாரச் சிபாரிசு செய்வேன். ஆங்கிலம் தடுமாறுபவர்கள் தங்கள் கேள்வியைத் தமிழில் விவரமாக எழுதி, ரெடிட்டில் போடும்படி மாற்றிக் கேட்கலாம். என் இரண்டாவது பதிவு அப்படி எழுதியதுதான்.

இனி பங்காளிகள் குழு. தொழில்நுட்பத்துக்கு அங்கே பதில் கிடைக்காது என்று நினைத்துக் கடைசியில் கேட்டேன், கேட்டதும் அனுமதிக்காகத்தான். வீடு பொதுவீடு. பர்மா தேக்குத் தூணில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். உலகத்தில் எந்த நிபுணரும் அந்தச் சம்மதத்தைத் தர முடியாது. ‘ஆணி வேண்டாம்’ என்று இரண்டு பேர் உடனே எழுதினார்கள். வேலை நின்றுவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சென்னையிலிருந்து சித்தப்பாவின் குரல் பதிவு: “தம்பி, ஆணியெல்லாம் எதுக்கு? வளவுத் தாழ்வாரத்துல உத்தரத்துக்கு மேல ஒரு இரும்புக் குழாய் போகும் பாரு. எங்க அப்பச்சி கரண்டு இழுத்தப்பப் போட்டது. அப்புறம் லைனை மாத்தி விட்டுட்டாக. உள்ள ஒண்ணும் இல்ல, காலியாத்தான் கெடக்கும்.”

ஏணி போட்டுப் பார்த்தேன். குழாய் இருந்தது. மின் ஒயர் இல்லாத குழாய் என்பதால் கேபிளுக்கு இடைஞ்சலும் இல்லை. முறையைச் சொன்ன ரெடிட்காரர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. வழியைச் சொன்னவர் அந்த வளவில் தவழ்ந்தவர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அப்பத்தா இன்னும் முகப்புக்குத்தான் நடந்துகொண்டிருப்பார்கள்.

இணையத்துக் கேள்விக்கு இப்படி என்றால், தரைக்கான கேள்வியில் வரிசை தலைகீழ். இரண்டாங்கட்டில் ஆத்தங்குடி கல் மங்கிக் கிடந்தது. ஃபேஸ்புக் குழுவில் மூன்று பேர் ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொன்னார்கள். அதைச் செய்திருந்தால் கல் போயிருக்கும். ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் சிமெண்டைக் கரைக்கும், வண்ணம் இருப்பதோ மேல்பூச்சில் மட்டும். வெளிநாட்டுக் குழுக்களில் ஆசிட் கூடாது என்பதைச் சரியாகச் சொன்னார்கள், கூடவே சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு அடிக்கச் சொன்னார்கள். எங்கள் கொத்தனார் அண்ணன் குனிந்து கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “வெறுந்தண்ணில தொடைங்க, காஞ்சதும் துணியில தேங்காயெண்ணெயத் தொட்டுத் தேய்ங்க, நடக்க நடக்க ஏறும்” என்றார். இரண்டு மாதத்தில் பளபளப்பு திரும்பியது. தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயத்தைத் தொடக்கூடியவரிடம் கேட்பதே நல்லது. தேய்க்கும்போது கை எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க யூடியூப் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு இடங்களையும் நம்ப மாட்டேன்: பதிலில் வரும் போன் நம்பர். என் வைஃபை கேள்விக்குக் கீழேயே ‘கம்பெனி கஸ்டமர் கேர்’ என்று ஒரு நம்பரை யாரோ போட்டிருந்தார்கள். அழைத்தபோது எடுத்தவர், என் போனைத் தான் பார்க்கும்படி ஓர் ஆப் இறக்கச் சொன்னார், வைத்துவிட்டேன். பில்லிலோ பெட்டியிலோ அச்சடித்த நம்பரை மட்டும் அழையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண் 1930.

கேபிள் இழுத்து முடித்ததும் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை, குழாய்ப் படத்தோடு, கேட்ட எல்லா இடத்திலும் போட்டேன். அடுப்படியில் இப்போது மைனஸ் 50. மறுநாளே பள்ளத்தூரிலிருந்து ஒருவர் தன் வீட்டு அளவுகளை அனுப்பினார், இரண்டாங்கட்டில் மைனஸ் 81. அவரிடம் நான் முதலில் கேட்டது: “அண்ணே, உத்தரத்துக்கு மேல பழைய குழாய் ஏதும் கெடக்கான்னு வீட்ல பெரியவுகளைக் கேட்டீங்களா?”