குவாத்தமாலா போய் அகாத்தெனாங்கோ ஏறப் போகிறவர்கள் கவனத்திற்கு: மலிவு டூரில் எங்களுக்கு நடந்தது

டிசம்பர் லீவு வந்தால் ஹூஸ்டன் பக்கத்திலிருந்து நம்மாட்கள் நிறையப் பேர் குவாத்தமாலாவுக்குக் கிளம்புகிறார்கள். மூன்று மணி நேர விமானம், கைக்கு அடக்கமான செலவு. போனவர்கள் அங்கே ஆன்டிகுவா என்ற ஊரில் ரூம் போட்டு, அகாத்தெனாங்கோ மலையில் ஓர் இரவு தங்கி, எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்புக் கக்குவதைப் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். நானும் தம்பியும் அதற்காகத்தான் போனோம். ஏஜென்சி பெயரைப் போடப் போவதில்லை. எங்களிடம் டிக்கெட் விற்ற கடை வேறு, மலைக்குக் கூட்டிப்போன ஆட்கள் வேறு என்பதே வேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. போர்டில் இருக்கும் பெயரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மத்தியப் பூங்காவுக்கு ஒரு தெரு தள்ளிச் சின்னக் கடை. ஆளுக்கு 350 கேத்சால், அதாவது சுமார் 45 டாலர். மற்ற இடங்களில் கிட்டத்தட்ட இதற்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். இரண்டு கைடு வருவார்கள், கனமான ஜாக்கெட், கையுறை, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் தருவோம், மூன்று வேளைச் சாப்பாடு, சைவம் என்றால் சைவமே தருவோம், மேலே தண்ணீரும் இருக்கும் என்றார் கடைக்காரர். பணம் ரொக்கமாக மட்டும். ரசீதில் கடையின் வரி எண்கூட இல்லை.

அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆன்டிகுவா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடை தொடங்கும் லா சொலெதாத் கிராமம் சுமார் 2,400 மீட்டர். முகாம்கள் 3,600 மீட்டர் வாக்கில். உச்சி 3,976. காலையில் டிபன் சாப்பிட்ட இடத்தைவிட 2,000 மீட்டர் மேலே அன்றிரவே படுக்கிறோம். அந்த உயரத்துக்கு உடம்பு பழக நேரமே கிடையாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையில்லாத சீசன் என்று எல்லாரும் அப்போதுதான் போகிறோம். ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் முகாமில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், கூடவே காற்று வேறு. 2017 ஜனவரியில் இந்த மலையில் ஆறு பேர் இறந்துபோனார்கள். எரிமலை அவர்களைத் தொடவே இல்லை, குளிர்தான் கொன்றது. மலிவு டூர்காரர்கள் கை வைப்பதும் சரியாக அந்தக் குளிருக்கான சாமான்களில்தான்.

கிராமத்தில் ஒரு குவியலிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது மெல்லிய ரெயின்கோட் மாதிரி ஒன்று. தம்பியின் ஸ்லீப்பிங் பேக்கில் ஜிப் பாதியில் பிய்ந்து, மூன்று ஊக்கு குத்தி வைத்திருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால் ஈரம். முந்தின நாள் யாரோ படுத்ததைக் காயவைக்காமல் சுருட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கு, மேலே வேறு தருவோம் என்று பதில். மேலே எதுவும் இல்லை. தண்ணீரும் இல்லை, அந்த மலையில் ஊற்றே கிடையாதாம். ஆளுக்கு நாலு லிட்டர் நாமே சுமந்தாக வேண்டும் என்பதைப் பக்கத்துக் குழுக்காரர் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். நல்லவேளை, கிராமத்திலேயே பாட்டில் விற்றார்கள். சைவச் சாப்பாடு? சிக்கன் கப் நூடுல்ஸ். சிக்கனை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமே என்றார் கைடு.

கைடு என்று ஒருமையில்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்தது ஒரே ஆள். முகாமில் போய் உட்கார்ந்ததும் அவர் அடுத்த வியாபாரத்தை ஆரம்பித்தார். ஆளுக்கு 200 கேத்சால் கொடுத்தால் ஃபுவேகோவின் முதுகு வரைக்கும் கூட்டிப்போகிறேன், பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று. ஃபுவேகோ என்ன செய்யும் என்பதை 2018 ஜூன் 3 அன்று உலகமே பார்த்தது. சான் மிகேல் லோஸ் லோதேஸ் என்ற ஊரே சூடான சாம்பலுக்கும் கல்லுக்கும் அடியில் புதைந்தது. இருந்தும் எங்கள் குழுவில் மூன்று பேர் பணத்தை நீட்டினார்கள். கைடு அவர்களைக் கூட்டிக்கொண்டு இருட்டில் போய்விட்டார். போய்வர நாலைந்து மணி நேரம். மீதி ஐந்து பேருக்கு ஆள் இல்லை, வயர்லெஸ் இல்லை, அடுப்பைப் பற்றவைக்கக்கூட ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை.

தம்பி வியர்வையில் நனைந்த பனியனோடுதான் உட்கார்ந்திருந்தான். மாற்றுச் சட்டையை எடுக்கச் சொன்னால், பையின் ஜிப்பை இழுக்க விரல் மடங்கவில்லை. பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தவன் கொஞ்ச நேரத்தில் அமைதியானான். "இப்ப குளிரலக்கா, தூங்க விடு" என்றான், வார்த்தை குழறியது. எனக்கு அங்கேதான் பகீரென்றது. நடுங்கும்வரை உடம்பு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கம் சொக்கினால் உடனே கவனித்தாக வேண்டும், தூங்கட்டும் என்று விடவே கூடாது.

பக்கத்து முகாமுக்கு ஓடினேன். அங்கிருந்த கைடு காக்சிகேல் மாயா இனத்தவர், ஐம்பது வயது இருக்கும். ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுந்து வந்தார். ஈரப் பனியனைக் கழற்றவைத்து, தன் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டார். வெந்நீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு அக்குளிலும் வைத்தார். தம்பி தெளிவாக முழுங்குகிறானா என்று பார்த்துவிட்டுச் சர்க்கரை போட்ட சூடான சாக்லேட் கொடுத்தார். மறுபடி நடுங்க ஆரம்பித்ததும்தான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பணம் கொடுத்தேன், வாங்கவே இல்லை. அவர்கள் குழுவில் எட்டுப் பேருக்கு இரண்டு கைடு. ஒருவருக்கு முடியாமல் போனால் ஒரு கைடு அவரைக் கீழே இறக்கிவிடலாம், மற்றவர்கள் அநாதையாக நிற்க வேண்டாம்.

ஏறப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முந்தின நாளே ஜாக்கெட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கைடிடம் இன்குவாட் என்ற அரசுச் சுற்றுலா நிறுவனம் கொடுத்த அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படித்துவிடுங்கள், 3,000 மீட்டருக்கு மேல் செல்லாது என்று நிறைய பாலிசிகளில் பொடி எழுத்தில் இருக்கும். மலை உயரத்தால் உடம்புக்கு வரும் கோளாறுக்கு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம் என்று வந்தால் இறங்குவது ஒன்றுதான் வைத்தியம். சுற்றுலாப் பயணிகளின் உதவிக்கு 1500 என்ற எண் இருக்கிறது, இங்கிலீஷிலும் பேசுவார்கள்.

ஊருக்கு இறங்கியதும் நேராகக் கடைக்குப் போனேன். மலையில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, ஆள் வேறு, என்று கையை விரித்தார் கடைக்காரர். எங்கள் ஹாஸ்டல் அம்மா முன்பே ஒன்று சொல்லியிருந்தார். குவாத்தமாலாவில் நுகர்வோர் சட்டப்படி எந்த வியாபாரியும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், 'லிப்ரோ தே கேஹாஸ்' என்று கேள், என்று. கேட்டேன். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார், பிறகு வீட்டில் இருக்கிறது என்றார். அப்படியானால் நுகர்வோர் அலுவலகமான தியாக்கோவுக்கு இப்போதே போகிறேன் என்றதும் கல்லாவைத் திறந்து 350 கேத்சாலை எண்ணி வைத்தார். ஒருவருக்கு மட்டும்தான், மற்றவர் உச்சிக்குப் போனாரே என்றார். நாங்கள் இரண்டு பேருமே உச்சிக்குப் போகவில்லை. தியாக்கோவில் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன், இதுவரை பதில் வரவில்லை. வந்தால் கமெண்டில் போடுகிறேன்.