‘கார்டு ரிஜெக்ட் ஆயிட்டு’ என்று சொன்னால் உடனே பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் வயதான அப்பா அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் என் அப்பாவின் சிகிச்சைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதே சிகிச்சைக்கு எங்களிடமும் ரொக்கமாக 2,68,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். நகரத்துக்குள் இருக்கிற ஒரு தனியார் மருத்துவமனைதான். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, எப்படிச் செய்தார்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி பக்கம். அப்பா வாழை போட்டிருக்கிறார், அம்மா பீடி சுற்றுகிறாள். போன வருடம் மழை பிடிக்கிற சமயத்தில் ஒரு நாள் சாயங்காலம், தோட்டத்திலிருந்து வந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த உடனே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் சேர்த்து 14 மாத்திரைகளை ஒரே தடவையில் விழுங்க வைத்தார்கள். 2023-இல் ஆரம்பித்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட இந்த மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அன்றைக்குப் பதற்றமில்லாமல் நின்று பார்த்த அந்த நர்ஸம்மாவை எங்கள் குடும்பம் மறக்காது.

ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். பாளையங்கோட்டையில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் நம் பக்கத்தில் அப்படிச் சொல்வது. 108 வண்டி வேறொரு கேஸுக்குப் போயிருந்தது, வந்துவிடும் என்றார்கள். அதற்குள் வாசலில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்குக் காத்திருக்க மனம் வரும்?

பத்தமடை தாண்டியதுமே டிரைவர் பேச ஆரம்பித்தார். “யக்கா, ஐகிரவுண்டுல இப்ப கட்டில் கெடையாது. தரையிலதான் போடுவாவ. பெரிய டாக்டர் காலைலதான் வருவாவ. எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு, முதலமைச்சர் கார்டும் எடுப்பாவ.” மேலப்பாளையம் வருவதற்குள் அவரே போன் போட்டுப் பேசிவிட்டார். வண்டி நின்றபோது ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டால் டிரைவருக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு என்பதைப் பிறகு அதே மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவரே சொன்னார். அவர் டிரைவரைக் குறை சொல்லவில்லை, நடைமுறை இது என்றார்.

காப்பீட்டுக் கவுண்டரில் ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். திட்டத்தில் அனுமதி கேட்பதற்காக நோயாளியைக் கட்டிலோடு எடுக்கிற போட்டோ அது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்கிற ஆஞ்சியோகிராம் எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். எங்களுக்கு அதுவரை பயம் அப்பாவின் உயிரைப் பற்றி மட்டும்தான், பணத்தைப் பற்றி இல்லை.

பாதியில் ஓர் ஆள் வெளியே வந்து என் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையில் ரத்தக்குழாயைக் காட்டி, ஓர் இடத்தில் பெரிய அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கிற சின்ன வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: “தம்பி, ஒங்க கார்டு ரிஜெக்ட் ஆயிட்டு. ஆனாலும் கவலப்படாதீங்க, ஸ்கீம்ல வைக்கது சாதா ஸ்டென்ட், கொஞ்ச நாள்தான் தாங்கும். ஃபாரின் ஸ்டென்ட் ஒண்ணேகால் லட்சம். எல்லாம் சேத்து பேக்கேஜ் ஒண்ணு எம்பது. என்ன சொல்லுதிய? ஐயா டேபிள்லதான் படுத்திருக்காவ.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் கையெழுத்து விழுந்தது. அப்பாவைத் தொடையில் ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டு, வெளியே ஒரு பிள்ளையிடம் வந்து விலை பேசுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? என் கழுத்துச் செயினும் அம்மாவின் வளையலும் அந்த வாரமே அடகுக்குப் போயின. மீதிக்கு வாழைத்தார் வியாபாரியிடம் அடுத்த வெட்டுக்கு முன்பணம் வாங்கினோம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒன்று எண்பது, அதாவது 1,80,000 என்றது, 2,68,000 ஆகியிருந்தது. ஐ.சி.யூ., மருந்து, ‘கேத்லேப் (ஆஞ்சியோ அறை) பொருட்கள்’ என்று மொத்த மொத்தமாக எழுதியிருந்தார்கள். ஸ்டென்ட் என்று தனியாக ஒரு வரி இல்லை.

டாக்டரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஸ்டென்ட்டை நன்றாகத்தான் வைத்தார், அப்பா இப்போது தோட்டத்துக்கு நடந்து போய் வருகிறார். என் சண்டை பணம் வாங்கிய முறையோடுதான்.

இந்த ஸ்டென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்களை மடக்குவது இந்த இடத்தில்தான். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. அதற்கு முன்னால் மருந்து தடவிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. ஆணை வந்ததும் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. மொத்த விலைக் குறியீட்டை வைத்து அவ்வப்போது திருத்துவார்கள். 2025 ஏப்ரலில் திருத்தியபோது மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 38,933 ரூபாய், மருந்து தடவாத வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 10,692 ரூபாய் என்று வைத்தார்கள், ஜி.எஸ்.டி. தனி. உள்நாடு, வெளிநாடு என்று இதில் வித்தியாசமே கிடையாது. அமெரிக்காவிலிருந்து வந்தாலும் அதே உச்சவரம்புதான். ஆக, ‘ஃபாரின் ஸ்டென்ட் ஒண்ணேகால் லட்சம்’ என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அவர் சட்டத்துக்கு விரோதமான ஒரு விலையைச் சொல்கிறார்.

இன்னொன்று, ஸ்டென்ட்டின் விலை, பிராண்ட் பெயர், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த கம்பெனி, பேட்ச் எண் எல்லாவற்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கிறது. ஸ்டென்ட் பெட்டியோடு ஒரு ஸ்டிக்கர் வரும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியிலோ கேஸ் ஷீட்டிலோ ஒட்டுவார்கள். எங்களுக்குத் தந்த தாள்களில் அந்த ஸ்டிக்கர் இல்லை. கேட்டபோது, ரெக்கார்டு செக்ஷனில் இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்றார்கள். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களின் நகலைத் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான நடத்தை விதியே இருக்கிறது. தம்பி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் விவரமான பில் வந்தது. அதில் ஸ்டென்ட் விலை சரியாக உச்சவரம்புக்குள் இருந்தது! வாயால் சொன்ன ஒன்றேகால் லட்சத்தின் மிச்சம் முழுக்க பலூன், வயர், கேத்தட்டர், ‘இதரச் செலவு’ என்று பிரிந்து கிடந்தது.

அட்டை விஷயம் வெளியே வந்தது வேறு வழியில். தொடர் மாத்திரைக்கு மாதாமாதம் தனியாரில் கட்டுப்படியாகாததால் அப்பாவை ஐகிரவுண்டுக்குக் கூட்டிப்போனோம். இதய நோய்ப் பிரிவில் பார்த்துவிட்டு, மாத்திரையை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள். கூட்டம் இருக்கத்தான் செய்தது, காலையில் போனால் மத்தியானம் ஆகிறது. அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் அட்டை இன்னும் செல்லுமா என்று விசாரித்தேன். ஏற்கெனவே நிராகரித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அந்தத் தங்கச்சி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நிராகரிக்கலையே அக்கா. ஸ்டென்ட் வச்சதுக்கு அப்ரூவ் ஆகி, கிளெய்மும் போயிருக்கே” என்றாள். அனுமதி கேட்ட தேதி அப்பாவைச் சேர்த்த அன்றைய தேதி. கட்டிலில் வைத்து எடுத்த அந்தப் போட்டோவும் அதில் இருந்தது.

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

அன்றைக்கு வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் களக்காட்டுக்காரர். அவருடைய அண்ணனுக்கும் அதே போல ஒரு ஸ்டென்ட், ஐகிரவுண்டிலேயே, அதே அட்டையில் வைத்திருக்கிறார்கள். கூட இருந்தவர்களின் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆனதுதான் செலவு என்றார். ஆஞ்சியோ பண்ணுகிற கேத்லேப் அந்த மருத்துவமனையில் இருக்கிறது. டிரைவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இந்தத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு. அரசு மருத்துவமனைக்கும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் ஒரே அட்டைதான். திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகக் காசு வாங்கக் கூடாது. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் போட்டுத் தருவார்கள். வீட்டில் யாரும் படுப்பதற்கு முன்னாலேயே போட்டு வையுங்கள்.

அட்டை ரிஜெக்ட் என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுகொண்டு 1800 425 3993 என்ற எண்ணுக்கு அடியுங்கள். கட்டணமில்லா எண். அட்டை எண்ணைச் சொன்னால் அனுமதி கேட்டிருக்கிறார்களா, என்ன ஆனது என்று சொல்லிவிடுவார்கள். நிராகரித்தது உண்மை என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். நோயாளி டேபிளில் இருக்கும்போது இதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். உள்ளே ஒருவர் நிற்கட்டும், வெளியே சித்தப்பாவோ மைத்துனரோ யாராவது ஒருவர் இந்த வேலையைப் பார்க்கட்டும். ஒரே ஆள் இரண்டையும் சுமந்தால்தான் அவர்களுக்கு வசதி.

நாங்கள் அந்த எண்ணிலேயே புகார் பதிந்தோம். கலெக்டர் ஆபீஸில் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடமும், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தோம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுத்தான் நடக்க வேண்டும். அந்தப் பதிவைப் பார்க்கிற இடம் இணை இயக்குநர் அலுவலகம், அதனால் அங்கே கொடுக்கிற மனுவுக்கு மதிப்பு உண்டு. மனு கொடுத்த பிறகு, அதுவரை போனை எடுக்காத மருத்துவமனையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். ‘கணக்குப் பிழை’ என்று சொல்லி 1,10,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். கூடவே, இனி எந்தப் புகாரும் இல்லை என்று டைப் செய்த தாளை நீட்டினார்கள். தம்பி பணம் வாங்கியதற்கு மட்டும் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தாளை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மீதிப் பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. காசு கொடுத்துப் பெறுகிற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, அட்டையில் கிளெய்ம் போனதற்கான பதிவு மூன்றும் கையில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அட்டை இருக்கும்போதே பணம் கட்டியவர்கள் இருந்தால், பழைய பைலை எடுத்துவைத்துக்கொண்டு முதலில் அந்தக் கட்டணமில்லா எண்ணில் விசாரியுங்கள்.