முதியோர் நர்சிங் ஆன்லைன் கோர்ஸ்: டிலிரியம் பாடத்துக்காகவே சேரலாம்

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களுக்கான தொடர்கல்விப் படிப்பு ஒன்றை ஆன்லைனில் முடித்தேன். அனுபவம் உள்ளவர்களுக்கும் இது தேவைதான். ஆனால் எல்லாப் பாடங்களும் ஒரே தரத்தில் இல்லை.

மனதில் நின்றது டிலிரியம், அதாவது நோயாளிக்குத் திடீரென வரும் மனக்குழப்பம் பற்றிய பாடம். கத்துகிறவரை, ட்ரிப்ஸைப் பிடுங்குகிறவரை யாரும் தவறவிடுவதில்லை. சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பவரைத்தான் 'தாத்தா நல்லாத் தூங்குறார்' என்று அடுத்த ஷிப்டிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். அவரைக் கண்டுபிடிக்க உதவும் ஃபோர் ஏ டி சோதனையைக் கட்டிலருகிலேயே செய்து காட்டுகிறார்கள். விழிப்பு எப்படி, வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் ஆண்டு தெரிகிறதா, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்கிறாரா, திடீரென ஆள் மாறியிருக்கிறாரா. சீக்கிரமே முடிந்துவிடுகிறது. 4 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் டிலிரியமாக இருக்கலாம். அப்புறம் காரணத்தைத் தேட வேண்டும்: சிறுநீர் தேங்கியிருக்கிறதா, மலச்சிக்கலா, வலியா, புது மாத்திரையா. கண்ணாடியும் காது மெஷினும் அலமாரியிலேயே கிடக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கவனிக்க நம்மை விட்டால் ஆளில்லை.

டிமென்ஷியா என்ற மறதிநோயால் பேச முடியாதவரின் வலியை மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்பதை வைத்து 10க்கு மதிப்பிடும் பெயினாட் பாடமும் அருமை.

மருந்துப் பாடம்தான் ஏமாற்றம். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியலை ஸ்லைடில் போட்டு வாசிக்கிறார்கள். அலர்ஜிக்குக் கொடுக்கும் டைஃபென்ஹைட்ரமின் வயதானவரை ஏன் குழப்புகிறது, அதைக் கொடுத்த ராத்திரி எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? எங்களுக்கு வேண்டியது அதுதானே!

கீழே விழாமல் காப்பது பற்றிய பாடத்தில், படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பிபி பார்க்கச் சொல்கிறார்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனம் தேவை. சரி. ஆனால் காலில் பலமில்லாதவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்துவதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. நேரடிப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

நேரலை வகுப்புகள் மாலையில் மட்டுமே. ஷிப்டில் இருப்பவர்கள் பதிவைப் பார்க்கலாம், சந்தேகம் கேட்க வழியில்லை.

சேருபவர்கள் டிலிரியம், வலி பாடங்களை முதலில் பாருங்கள். நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த இரண்டையாவது உதவியாளர்களுக்கும் திறந்துவிடுங்கள். குளிப்பாட்டி, ஊட்டிவிடும் அவர்கள் கண்ணில்தான் பல நேரம் மாற்றம் முதலில் படுகிறது.