கீழிறங்கும் ஒரு மெட்டு: 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' தொகுப்போடு 17 ஆண்டுகள்

அமெரிக்க இண்டஸ்ட்ரியல் ராக் குழுவான நைன் இஞ்ச் நெய்ல்ஸின் 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' பாடல் தொகுப்பு 2008-இல் ஒரு நண்பரின் பென் டிரைவ் வழியாக என்னிடம் வந்தது. எம்பி3 கோப்புகள். வரிசை எண்கள் இல்லாததால் பாடல்கள் அகர வரிசையில் ஓடின. மூன்று ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன்: பஸ்ஸில், மலிவான இயர்போனில், முன்னும் பின்னுமாக. பிடித்தவை ஐந்தாறு; மற்றவற்றை இரைச்சல் என்று தாண்டிவிடுவேன். 2011-இல் சிடி வாங்கி, 14 பாடல்களையும் ஏறத்தாழ 65 நிமிடங்கள் எழுந்திருக்காமல் கேட்டேன். அதுவரை நான் கேட்டது வேறு எதையோ என்று அன்று தெரிந்தது.

தெரியவைத்தது ஒரு சின்ன மெட்டு. ஐந்தாவது பாடலான 'க்ளோசர்' ஓசைமேல் ஓசையாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் எல்லாம் விலகி, பியானோவில் சில சுரங்கள் மட்டும் படியிறங்குவதுபோல் ஒலிக்கும். அதை வெறும் முடிப்பு என்றே நினைத்திருந்தேன். எட்டுப் பாடல்கள் கழித்து, தொகுப்பின் பெயரையே தாங்கிய 13-ஆவது பாடலில் அதே சுரங்கள் கிதாரில் வந்தன. கையிலிருந்த தேநீரை அப்படியே கீழே வைத்தேன். நம்பிக்கையையும் உறவையும் உடலையும் ஒவ்வொன்றாக உதறி ஒரு மனிதன் தன்னையே அழித்துக்கொள்ளும் கதை இது. அவன் எங்கே போய் முடிவான் என்பதை அந்தப் பியானோ பாதி வழியிலேயே சொல்லியிருக்கிறது. அகர வரிசையில் கேட்டவனுக்கு இது எப்படித் தெரியும்?

1994 மார்ச் 8-இல் வெளிவந்த இத்தொகுப்பை, குழுவின் மூளையும் குரலுமான டிரென்ட் ரெஸ்னர், ஃப்ளட் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து உருவாக்கினார். வெளியானதும் அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. இவ்வளவு கடுமையான ஓசைக்கு இவ்வளவு பேர் காசு கொடுத்தார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்புதான். ஒலிப்பதிவின் பெரும்பகுதி நடந்தது லாஸ் ஏஞ்சலிஸில், 1969-இல் நடிகை ஷரன் டேட் உள்பட ஐவர் கொல்லப்பட்ட வீட்டில். பலரும் இந்தத் தகவலில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. டேட்டின் தங்கை நேரில் கேள்வி கேட்ட பிறகுதான் அந்தக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து யோசித்ததாக ரெஸ்னரே பேட்டியில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அத்துடன் விட்டுவிடுவது நல்லது.

தனிப்பாடல்களாக வந்தவை இரண்டு. முதலாவது 'மார்ச் ஆஃப் த பிக்ஸ்'. மூன்று நிமிடம்கூட இல்லாத இந்தப் பாடலின் தாளம் என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது. தலையாட்டத் தொடங்கினால் எங்கோ இடறும். ஒருநாள் விரல்விட்டு எண்ணினேன்: ஏழு, ஏழு, ஏழு, பிறகு எட்டு. தகதிமி தகிட என்று மூன்று முறை மிஸ்ரமாகச் சொல்லி, நான்காவது முறை ஒரு எண்ணிக்கை கூட்டினால் சரியாக உட்காருகிறது. வெறிபிடித்ததுபோல் கேட்கும் ஒன்றுக்குள் இவ்வளவு கறாரான கணக்கு! நடுவே எல்லாம் சட்டென்று நின்று, தாலாட்டுபோல் பியானோ வரும் இடம் இன்றும் எனக்குத் திடுக்கிடல்தான். இதன் காணொளி ஒரே ஷாட்டில், நேரடியாகப் பாடிப் பதிவானது. இயக்கிய பீட்டர் கிறிஸ்டோபர்சன், த்ராப்பிங் கிறிசில் குழுவில் இருந்தவர். இந்த இசை வகைக்கு இண்டஸ்ட்ரியல் என்ற பெயர் வந்ததே அவர்களுடைய இசை வெளியீட்டு நிறுவனத்தின் பெயரிலிருந்துதான்.

இரண்டாவது 'க்ளோசர்'. அதன் அடிநாதமான டிரம் ஒலி, ராக் பாடகர் இக்கி பாப்பின் 1977 பாடல் 'நைட்கிளப்பிங்'கிலிருந்து எடுத்து உருமாற்றியது. இதை ஆட்டப் பாடலாகவும் காமப் பாடலாகவும் கொண்டாடுகிறார்கள். தொகுப்பின் நடுவில் வைத்துக் கேளுங்கள். தன்னைத் தானே தாங்க முடியாதவனின் மன்றாடல் அது. இந்தத் தனிப்பாடலின் சிடியைத் தேடிப் பிடித்து வாங்கினேன். அதிலுள்ள மறுவடிவங்களில் பாதியை இப்போது கேட்பதில்லை. ஆனால் காயில் குழு செய்த 'ப்ரிகர்சர்' வடிவத்துக்காக மட்டுமே அந்தச் சிடி தகும். 1995-இல் வந்த 'செவன்' படத்தின் தொடக்க எழுத்துகளோடு ஓடுவது அதுதான்.

17 ஆண்டுகளில் தேய்ந்துபோனவையும் உண்டு. 'பிக் மேன் வித் எ கன்' இன்று வெறும் கத்தலாகவே படுகிறது. அதை அடுத்து வரும் 'எ வார்ம் பிளேஸ்' பாட்டுவரி இல்லாத மூன்று நிமிட அமைதி. முன்பு தாண்டிவிடுவேன், இப்போது அதற்காகக் காத்திருக்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஒலியளவை முதல் பாடலின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடிவிழும் சத்தம் மெல்லத் தொடங்கி, அடுத்த கணம் சுவர் இடிந்ததுபோல் மேலே விழும். மனம் உடைந்திருக்கும் நாள்களில் தனியாக இதைக் கேட்கவும் வேண்டாம். இது தற்கொலையைப் பற்றிப் பேசும் இசை. நானே அப்படிப்பட்ட ஓர் ஆண்டு முழுக்க இதைத் தொடவில்லை.

கடைசிப் பாடல் 'ஹர்ட்'டை 2002-இல் முதிய கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் பாடியபின் பலருக்கு அது அவருடைய பாடல். முதுமை திரும்பிப் பார்க்கும் குரல் அவருடையது, அழகானது. ரெஸ்னரின் வடிவத்திலோ கிதார் சற்றுப் பிசகியே ஒலிக்கும், அடியில் ஒரு முனகல் விடாமல் ஓடும். இறுதியில் ஒரு பேரொலி வெடித்து, பிறகு அந்த முனகல் மட்டும் நெடுநேரம் தேய்ந்துகொண்டே போகும். 2011-இன் அந்த இரவில், அது எங்கே முடிந்தது, என் அறையின் மின்விசிறி எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் 13-ஆவது பாடல் முடிவதற்குள் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன்.