தராத சேவைக்கும் ஒரு மதிப்புரை

ஃபேஷியலுக்கும் வேக்சிங்குக்கும் 2 ஆண்டுகளாக நான் சென்றுவரும் அழகு நிலையத்தை ஒரே ஒரு பெண்மணிதான் நடத்துகிறார். கைப்பதம் உள்ளவர், முகத்தில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தலாம் என்பது அவருடைய விரல்களுக்கே தெரியும். சில மாதங்களுக்கு முன்பு, அப்படியே பெடிக்யூரும் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், கால் வேலை மட்டும் நான் எடுத்துக்கறதில்லை. பாதத்தைப் பார்த்தாலே ஒரு அருவருப்பு. படிக்கிற காலத்திலிருந்தே அப்படித்தான்" என்றார். நாற்காலிக்கு அடியில் என் கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். உடம்பைத் தொட்டுச் செய்யும் தொழிலுக்கு வந்த பிறகு, இந்த உறுப்பு ஆகும், அந்த உறுப்பு ஆகாது என்று பொறுக்குவது என்ன நியாயம் என்று தோன்றியது. அந்தக் கோபம் நீடிக்காததற்குக் காரணம், ஏற்கெனவே வேறோர் இடத்தில், பாதங்களை வெறுத்தும் அதை வெளியே சொல்லாத ஒருவரிடம் நான் பெடிக்யூர் செய்துகொண்டிருந்ததுதான்.

அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை, கை சொன்னது. என் கட்டைவிரலை இரண்டு விரல் நுனிகளால் மட்டும் பிடித்தார். தண்ணீரில் கால்களை வைக்கச் சொல்வதற்கு முன்பு அவற்றை ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை. சீக்கிரம் முடித்துவிடும் அவசரத்தில் நகங்களின் ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினார். கால்விரல் நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தைக் குடைந்தால், வளரும் நகம் சதைக்குள் இறங்கிவிடும். அந்த விதி தெரியாதவராக அவர் இருந்திருக்க முடியாது, ஏனென்றால் என் கைவிரல் நகங்களை அவ்வளவு நேர்த்தியாகச் செய்து முடித்தவர் அவரேதான். விரல் இடுக்குகளைத் துடைக்காமல் ஈரத்தோடு விட்டுவிட்டார். சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. இறுதியில் நகப்பூச்சு மட்டும் பளபளவென்று அமைந்தது. வேண்டா வெறுப்புக்குப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்த கதைதான். சில வாரங்களில் வலது கட்டைவிரல் ஓரம் சிவந்து வீங்கி, மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று.

அதனால்தான், ஒரு பெடிக்யூரில் கை செய்யும் வேலையைவிடக் கண் செய்யும் வேலை அதிகம் என்று நினைக்கிறேன். உள்ளங்காலின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. அது எளிதில் உலர்ந்து, குதிகாலில் தடித்துப் பித்தவெடிப்பாகப் பிளக்கிறது. எவ்வளவு தேய்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்; கணக்குக்குத் தேய்த்தால், காப்பாக நிற்க வேண்டிய தோலும் போய்விடும். நீண்ட நாள் நீரிழிவு உள்ள ஒருவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். கத்தி பட்டாலும் தண்ணீர் சுட்டாலும் அவர் "ஆ" என்று சொல்ல மாட்டார்; அவருக்குப் பதிலாகக் கவனிக்க வேண்டியது எதிரே அமர்ந்திருப்பவரின் கண். அந்தக் கண் சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது? தவறுகள் சீக்கிரம் மறைவதும் இல்லை. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால்விரல் நகம் அதில் பாதிதான். கால் கட்டைவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும்.

வாடிக்கையாளர் எழுந்து போன பிறகு நடக்கும் வேலையை நாம் பார்ப்பதேயில்லை. 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரே நக நிலையத்துக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்களில் எளிதில் ஆறாத சீழ்க்கட்டிகள் கிளம்பின. விசாரித்தபோது, நீரைச் சுழற்றும் கால் தொட்டிகளில், தண்ணீரை உறிஞ்சும் வலைத்தட்டுக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்குகளும் அடைந்துகிடந்ததும், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு பாக்டீரியா அங்கே குடியிருந்ததும் தெரியவந்தன. அந்த வலைத்தட்டைக் கழற்றி, அடுத்தவர் பாதத்திலிருந்து உதிர்ந்ததைக் கையால் வழித்தெடுத்துக் கழுவுவதுதான் பெடிக்யூரின் மிக அருவருப்பான பகுதி. கையுறையும் முகக்கவசமும் அணிந்து முக்கால் மணி நேரம் முகம் சுளிக்காமல் இருந்துவிடலாம். யாரும் பார்க்காதபோது இதை ஒவ்வொரு முறையும் செய்வதற்குப் பாதத்தோடு பகை இல்லாத மனம் வேண்டும்.

அருவருப்பு உள்ளவர்தான் சுத்தத்தில் கண்டிப்பாக இருப்பார் என்று என் தோழி வாதாடினாள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. தொழிலுக்குப் புதிதாக வரும் பலருக்கு முதல் சில பாதங்கள் குமட்டலைத் தரலாம். வியர்வைக்கென்று பெரிய வாடை கிடையாது, தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைப்பதால்தான் வாடை வருகிறது, முதலில் கழுவிவிட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பதெல்லாம் புரியப் புரிய அந்தக் கூச்சம் கரைந்துபோகக்கூடும். ஆகவே பயிற்சிக் காலத்தில் ஒரு வாரம் முகம் சுளித்தேன் என்பதற்காக யாரும் பெடிக்யூரைக் கைவிட வேண்டியதில்லை. நான் செல்லும் நிலையத்துப் பெண்மணியின் நிலை வேறு. பயிற்சியில் கட்டாயம் என்பதால் செய்து, தேர்ச்சியும் பெற்று, பிறகும் ஓராண்டு வேலை செய்து பார்த்து, தன் கை அவசரப்படுவதைத் தானே கண்டு நிறுத்தியவர். ஃபேஷியலையும் பெடிக்யூரையும் ஒரே இடத்தில் முடிக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த நட்டத்தை அவர் தாங்கிக்கொள்கிறார். என் கட்டைவிரல் தாங்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்துக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

அதற்காக நிலையத்தின் குறைகளை மறைக்கப் போவதில்லை. சேவைப் பட்டியலில் "கை, கால் பராமரிப்பு" என்று பொதுவாக எழுதி வைத்திருந்தார். அதை நம்பி வருபவர் வாசல்வரை வந்து ஏமாந்துதான் திரும்ப வேண்டும். காலுக்கு வேக்சிங் செய்யும்போதும் கணுக்காலோடு நிறுத்திவிடுவார். விரல்களின் மேலுள்ள முடி அப்படியே இருப்பதை நான் வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். முழுக்காலுக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு முழங்காலிலிருந்து கணுக்கால்வரை மட்டும் நேர்மையாக இருப்பது போதாது என்று அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, சரி என்றார்.

பெடிக்யூருக்கு அவரே இன்னொருவரைக் கைகாட்டினார். அங்கே அலங்காரம் குறைவு, நாற்காலியும் பழையது. ஆனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அந்த அம்மா என் இரண்டு பாதங்களையும் விளக்கின் கீழே வைத்து, இடுக்கு இடுக்காக விலக்கிப் பார்த்தார். சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய கருவிகளின் உறையை என் எதிரிலேயே பிரித்தார். தேய்க்கும் ஃபைலை வேலை முடிந்ததும் குப்பையில் போட்டார். இடது கட்டைவிரல் நகத்தடியில் ஒரு கருத்த புள்ளி இருப்பதை நானே அதுவரை அறிந்திருக்கவில்லை. எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா என்று விசாரித்துவிட்டு, உறைந்த இரத்தமாக இருந்தால் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், நகராமல் அங்கேயே நின்றாலோ கோடாக நீண்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றார். நகப்பூச்சு வேண்டுமா என்று கேட்டபோது, புள்ளி கண்ணில் படும்படி அந்த ஒரு நகத்தை மட்டும் பூசாமல் விடச் சொன்னேன்.

3 மாதங்களில் அது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்திருக்கிறது. ஃபேஷியலுக்குப் பழைய இடத்துக்கே போய்வருகிறேன். பட்டியலில் இப்போது "பெடிக்யூர் இல்லை" என்ற வரி சேர்ந்திருக்கிறது, வேக்சிங் வரிக்குப் பக்கத்தில் "கணுக்கால் வரை" என்றும் சிறிய எழுத்தில்.