6 வருட டென்ட்: கம்பி கெட்டி, கோட்டிங் குப்பை

என்னிடம் 6 வருடமாக இருவர் டென்ட் ஒன்று இருக்கிறது. இதே டென்ட் இப்போது விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டதால் இது. 3000 மி.மீ. உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதில் பொய் இல்லை. அலுமினியக் கம்பிகள் 6 வருடத்தில் ஒன்றுகூட வளையவில்லை. உள்ளே ஓடும் எலாஸ்டிக்தான் தொய்ந்தது, மாற்ற அரை மணி நேரம் போதும். கொடைக்கானல் மேட்டுக் காற்றிலும் ஆடாமல் நிற்கும்.

ஆனால் மழைக்காக மேலே போர்த்தும் அந்த ஃப்ளையின் உட்பக்கம்!

தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மடிப்பைப் பிரித்தால் செல்லோடேப்பை உரிக்கிற சத்தம், கூடவே வாந்தி நாற்றம். தையல் மேல் ஒட்டிய டேப் பாம்புச் சட்டைபோல் கழன்று வருகிறது. நீர் புகாமலிருக்கத் துணியில் பூசிய பாலியூரித்தேன் கோட்டிங்கின் வேலை இது. அதில் பாலியெஸ்டர் வகை, ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்துபோகும். பாலியீத்தர் வகை தாக்குப்பிடிக்கும். எந்த வகை என்று அட்டையில் ஒரு வரி போட்டால் குறைந்தா போவார்கள்? மலையில் பெய்யும் மழையைவிடச் சென்னைப் பரண்தான் இதற்கு எமன்.

டேப் மட்டும் உரிந்திருந்தால் பிழைக்க வைக்கலாம். மொத்தத்தையும் உரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தையலைத் துடைத்து, தையல் ஓட்டையை அடைக்கும் யூரித்தேன் சீலரை மெல்லிய பிரஷ்ஷால் தடவி, ஒரு நாள் காயவிட்டு, மடிக்கும்முன் டால்கம் பவுடர் தூவ வேண்டும். சிலிக்கோன் பூசிய துணியென்றால் யூரித்தேன் ஒட்டாது. அதற்குச் சிலிக்கோன் சீலர்தான். ஃப்ளை முழுக்கப் பிசுபிசுத்துவிட்டதா? சுரண்டிச் சுரண்டிக் கை வலிப்பதுதான் மிச்சம், புது ஃப்ளை தேடுங்கள்.

காய வைப்பதிலும் சூட்சுமம் உண்டு. மொட்டைமாடி வெயில் நைலானை அரிக்கும்; நிழலில் விரித்து, பிறகு ஓர் இரவு ஃபேன் காற்று. ஜிப்பை மூடும் பட்டி, ஓரத்தில் இரட்டையாக மடித்துத் தைத்த இடம் இரண்டும் கடைசியில்தான் காயும், அங்கே கைவைத்துப் பார்க்காமல் மடிக்காதீர்கள். கூட வந்த இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய வேட்டியில் தைத்த பையில் தளர்வாகப் போட்டுக் கட்டிலடியில் வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கமே போகக்கூடாது.

கூடவே வாங்கிய சிந்தெடிக் ஸ்லீப்பிங் பேக் பற்றிப் பெரிய குறை இல்லை. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு குளிர் தாங்கும் என்று அளக்கும் ஐஎஸ்ஓ 23537 தரப்படி கம்ஃபர்ட், அதாவது நடுங்காமல் தூங்கக்கூடிய குளிர், 5 டிகிரி; அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கடையில் பெரிதாகத் தொங்கும் எக்ஸ்ட்ரீம் எண், உயிர் தப்பும் கணக்கு, தூங்கும் கணக்கல்ல. அலமாரியில் தொங்கவிட்டே வைத்ததால் பஞ்சு இன்னும் உப்பலாக இருக்கிறது. ஜிப் மூடிய பின்னும் வாய் பிளந்தது. ஸ்லைடரின் இரு ஓரங்களையும் குறட்டால் லேசாக நெருக்கியதும் சரியாகிவிட்டது.

ஆக, பேக் வாங்கலாம். டென்ட் இந்த விலைக்கும் வேண்டாம். தள்ளுபடி சரக்கு எத்தனை கோடை கோடவுனில் வெந்ததோ, யார் கண்டது? பிடிவாதமாக வாங்குவதென்றால் கடையிலேயே ஃப்ளையை உதறி, உள் மடிப்பு மூலையை மோந்து பாருங்கள்.