மாதக் காசு கேட்காத டிஷ்: கோண்டாவிலில் ஓராண்டுப் பாவனை

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டில், இந்திய அரசின் தூர்தர்ஷன் நடத்தும் இலவசச் செய்மதித் தொலைக்காட்சிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பூட்டி ஓராண்டு கடந்துவிட்டது. டிஷ், எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் கருவி), பெட்டி, வயர், பூட்டுகூலி எல்லாவற்றுக்குமாக ஒருமுறை கொடுத்த காசோடு சரி, மாதக் கட்டணம் என்று எதுவும் இல்லை. ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் அயலவர் சிலர் இதைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்த ஒளிபரப்பு நமக்கு இறங்குவது இஸ்ரோவின் ஜிசாட்-15 செய்மதியிலிருந்து. 3,164 கிலோ எடையுள்ள அதைத் தூக்கும் வலு இந்தியாவின் அக்காலத்து ஜிஎஸ்எல்வி ஏவூர்திக்கு இருக்கவில்லை. ஆகவே 2015 நவம்பர் 11 அன்று, இந்திய நேரப்படி அதிகாலையில், தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து, அரபு நாடுகளின் செய்மதி நிறுவனமான அரபுசாட்டின் செய்மதியொன்றுடன் சேர்த்து ஏரியான் 5 ஏவூர்தி அதைக் கொண்டுசென்றது. ஏவூர்தி விட்டது நீள்வட்டப் பாதையொன்றில்தான். அதன் கிட்டிய முனை சுமார் 250 கி.மீ. உயரத்திலும், எட்டிய முனை 35,800 கி.மீ. அளவிலும் இருந்தன. பிறகு கர்நாடகாவின் ஹாசன் கட்டுப்பாட்டு நிலையத்தார் செய்மதியின் சொந்த எந்திரத்தைக் கட்டங்கட்டமாக இயக்கி, பாதையை வட்டமாக்கி, நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிறுத்தினார்கள். பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றுவதால் அது நமக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றுகிறது. டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பிவிட்டால் மறுபடி தொடத் தேவையில்லை.

அந்த ஒருமுறைதான் எங்களுக்குச் சிக்கலாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் இச்செய்மதி தென்கிழக்கே ஏறத்தாழ 70 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்கிறது. இலண்டனில் உறவினர் வீட்டுச் சுவர்களில் நிமிர்ந்து நிற்கும் டிஷ்ஷைப் போலன்றி, இங்கே அது சாய்மனைக் கதிரையில் படுத்தவரைப் போல வானத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வளவுத் தென்னை மறைக்காது என்பது இதனால் வரும் இலாபம். ஆனால் பூட்ட வந்தவர் டிஷ்ஷை ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழேயே பூட்டிவிட்டு, சிக்னல் குறைவுக்குச் செய்மதியைக் குறைசொன்னார். 36,000 கி.மீ. தாண்டி வந்த சிக்னலை ஓட்டு விளிம்பு மறித்ததை, அவர் போன பின்னர் நாங்களே கண்டுபிடித்தோம். இரண்டாவது தடவை வந்து மேல்மாடிக்கு மாற்றியதற்கும் கூலி கேட்டார்கள். அந்தக் கடையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மழையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்த ஒளிபரப்பு வரும் கேயூ எனும் உயர் அதிர்வெண் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சுவதால், கார்த்திகை மாதத்து அடைமழையில் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். மழை தணிந்தவுடன் தானாகத் திரும்பும். தூறலுக்கு ஒன்றும் ஆவதில்லை. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும், முற்பகல் 11 மணியளவில் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னே வரும் சில நிமிடங்களும் படம் போகலாம். அதற்காகப் பழுதுபார்ப்பவரை அழைத்துக் காசைக் கொட்ட வேண்டாம்.

நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்திருங்கள். இந்தி அலைவரிசைகளே மிகுதி. தமிழுக்கு முக்கியமாக டிடி தமிழ். அம்மாவுக்கு அதன் கர்நாடக இசை போதும், பிள்ளைகளுக்குப் போதாது. இலங்கை அலைவரிசைகள் இதில் வராதபடியால் பழைய அன்ரனாவைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

ஜிசாட்-15இன் திட்டமிட்ட ஆயுள் 12 ஆண்டுகள். அக்கணக்கு 2027இல் முடிகிறது. எரிபொருள் மிச்சமிருந்தால் மேலும் சில காலம் ஓடலாம். முன்பு இஸ்ரோவின் பழைய செய்மதியான இன்சாட்-4பி நின்றதும் இதே 93.5 பாகையில்தான் என்பதால், அடுத்ததும் அங்கேயே வந்தால் டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிராது. வாங்குபவர்கள் பெட்டி எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) வகைதானா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்; பழைய எம்பெக்-2 பெட்டியில் சில அலைவரிசைகள் திறக்கவே திறக்காது.